வெப் சர்வீஸ் புத்தகம் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஓடவில்லை: தொடரலாமா, தூக்கிப் போடலாமா?

வரவுசெலவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். எக்செல் கோப்பைத் திறப்பது, கூட்டுவது, கழிப்பது, அந்த அளவுதான். இணையம் வழியாகக் கேட்டால் தரவு தரும் நிரல், அதாவது வெப் சர்வீஸ், எழுதப் பழகலாம் என்று ஒரு புத்தகம் வாங்கினேன். விளக்கம் குறைவு, தட்டச்சு அதிகம் என்கிற வகை. ஒவ்வொரு பக்கத்திலும் நிரல் கோடு, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சி. 2022-இல் வந்த பதிப்பு, அதற்கு உதவும் ஃபிளாஸ்க் என்ற பைத்தான் லைப்ரரியின் 2.2.2 பதிப்பைப் போடச் சொல்கிறது.

சொன்னபடியே போட்டேன். முதல் நிரலே ஓடவில்லை. வெர்க்சாய்க் என்ற லைப்ரரியில் 'யூஆர்எல் க்வோட்' என்ற பெயரே கிடையாது என்று இம்போர்ட் எரர். இணையத்தில் தேடிப் பார்த்து ஃபிளாஸ்க்கைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். அது ஓடியது. அடுத்த அத்தியாயத்தில் டேபிள் உருவாக்க 'பிஃபோர் ஃபர்ஸ்ட் ரிக்வெஸ்ட்' என்ற டெக்கரேட்டரை (ஃபங்ஷனுக்கு மேலே எழுதும் '@' வரி) போடச் சொல்கிறார்கள். இப்போது அது இல்லையாம்.

எழுநூறு ரூபாய்ப் புத்தகம். தொடரட்டுமா? புதிதாக வேறு வாங்கட்டுமா? புத்தகமே வேண்டாம், வீடியோ போதும் என்கிறார்கள் அலுவலகத்தில்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

பழைய பேப்பர்காரர் வந்தால் எடைக்குப் போடுங்கள். ஃபாஸ்ட்ஏபிஐ படிங்க. இப்போ யார் ஃபிளாஸ்க் எழுதுறாங்க?

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

நிறையப் பேர் எழுதுகிறார்கள், நான் உட்பட. அது கிடக்கட்டும்.

வரவுசெலவு, உங்களுக்கு நடந்தது இதுதான். ஃபிளாஸ்க் 2.2.2 தனக்கு 'வெர்க்சாய்க் 2.2.2 அல்லது அதற்கு மேல்' வேண்டும் என்று சொல்கிறது. எதுவரை மேல் என்று சொல்லவில்லை. 2023 செப்டம்பர் கடைசியில் வெர்க்சாய்க் 3.0 வந்தது. நீக்கப்போகிறோம் என்று முன்பே எச்சரித்திருந்த சில பெயர்களை அதில் நீக்கினார்கள், யூஆர்எல் க்வோட் அதில் ஒன்று. நீங்கள் ஃபிளாஸ்க்கின் எண்ணை மட்டும் குறிப்பிட்டதால், லைப்ரரிகளை நிறுவித் தரும் பிப், பழைய ஃபிளாஸ்க்கோடு புதிய வெர்க்சாய்க்கைச் சேர்த்துக் கொடுத்துவிட்டது. புத்தகம் அச்சான நாளில் அதே கட்டளை ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும்.

டெக்கரேட்டர் கதையும் அதே மாதிரிதான். 2.2-இல் 'இது போகப்போகிறது' என்று எச்சரிக்கை வந்தது, 2023 ஏப்ரலில் வந்த 2.3-இல் எடுத்தே விட்டார்கள். புத்தகம் சரியாக அந்த இடைவெளியில் அச்சாகியிருக்கிறது.

செய்ய வேண்டியது: புத்தகத்துக்கென்று தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (லைப்ரரிகளைத் தனியே நிறுவும் இடம்) ஒன்று வைத்து, அதில் ஃபிளாஸ்க் 2.2.2, வெர்க்சாய்க் 2.2.2 இரண்டையும் எண்ணோடு போடுங்கள். புத்தகம் அச்சடித்தபடி ஓடும். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதே கோடை இன்னொரு ஃபோல்டரில் காப்பி எடுத்து, அங்கே புதிய பதிப்புகளைப் போட்டு ஓட்டுங்கள். எங்கெல்லாம் உடைகிறதோ அந்தப் பதிப்பின் மாற்றப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வேலைக்குப் போனால் பாதி நாள் இந்தப் பிழைப்புதான்.

பழைய_சோப்காரர் எழுதியது:

மேகலா சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் தம்பி, புத்தகத்தில் எது பழசாகும், எது ஆகாது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எந்தப் பக்கத்தில் நிற்பது, எதைத் தள்ளிவிட்டுப் போவது என்று தெரியும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது வெப் சர்வீஸ் என்றால் சோப் என்ற எக்ஸ்எம்எல் முறை மட்டும்தான். ஒரு வாடிக்கையாளர் பெயரைக் கேட்டு வாங்க ஒரு பக்கம் எக்ஸ்எம்எல், அதை விவரிக்க இன்னொரு கோப்பு. கேட்பது, சேர்ப்பது, அழிப்பது எல்லாமே ஒரே முகவரிக்கு ஒரே போஸ்ட். அன்றைக்கு நான் வாங்கிய தடித்தடிப் புத்தகங்களில் இருந்த கருவிகளில் ஒன்றைக்கூட இன்று யாரும் தொடுவதில்லை. அடியில் ஓடிய எச்டிடிபி, அதாவது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை, மட்டும் அப்படியே இருக்கிறது. கெட் (எடு), போஸ்ட் (சேர்), புட் (இந்த முகவரியில் வை), டெலீட் (அழி) எல்லாம் 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616 என்ற இணையத் தர ஆவணத்திலேயே இருக்கின்றன. 2022 ஜூனில் வந்த 9110-இலும் அவற்றின் பொருள் மாறவில்லை, விளக்கம்தான் தெளிவாகியிருக்கிறது.

அதனால் ஃபிளாஸ்க்கின் எந்த டெக்கரேட்டர் எங்கே போனது என்பதை மேகலா மாதிரி ஆட்களிடம் கேட்டுக்கொள்ளலாம். புட்டுக்கும் போஸ்டுக்கும் என்ன வித்தியாசம், 404 (கேட்டது இல்லை) எப்போது, 400 (கேட்ட விதமே தப்பு) எப்போது, ஹெடர் என்ற தகவல் வரிகள் எங்கே முடிந்து பாடி என்ற உள்ளடக்கம் எங்கே தொடங்குகிறது, இதெல்லாம் வரும் பக்கங்களில் அவசரப்படாதீர்கள்.

வரவுசெலவு எழுதியது:

மேகலா அக்கா, இரண்டு எண்ணும் போட்டதும் ஓடிவிட்டது. மிக்க நன்றி.

சோப்காரர் ஐயா, தம்பி இல்லை, தங்கச்சி.

முதல் அத்தியாயத்தில் சர்வரை ஓட்டல் சர்வரோடு ஒப்பிட்டிருந்தார்கள். நாம் கேட்கிறோம், அவர் உள்ளே போய்ச் சொல்லி எடுத்து வருகிறார் என்று. அது புரிந்தது. 'ஸ்டேட்லெஸ்' என்று வரும் இடம் மட்டும் புரியவில்லை.

பழைய_சோப்காரர் எழுதியது:

மன்னிக்கணும் கண்ணு.

அந்த உதாரணம் உதைக்கிற இடமே அதுதான். ஓட்டல்காரர் உங்கள் முகத்தை நினைவில் வைத்திருப்பார். 'இன்னொன்று' என்று நீங்கள் சொன்னால் போதும், எது என்று அவருக்குத் தெரியும். எச்டிடிபி சர்வருக்கு அந்த ஞாபகம் கிடையாது. 'நான் மூன்றாம் மேசை, ஏற்கெனவே இரண்டு இட்லி வாங்கியவள், இப்போது கேட்பது மூன்றாவது' என்று ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ராய் ஃபீல்டிங் 2000-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டில்தான் ரெஸ்ட் என்ற வெப் வடிவமைப்பு முறையின் பெயரே வருகிறது. அவர் வைத்த நிபந்தனைகளில் இது ஒன்று. லாபம் என்னவென்றால், அடுத்த ரிக்வெஸ்டை வேறொரு சர்வர்கூட வாங்கிப் பதில் சொல்லலாம்.

ஜேசான் என்ற தரவு வடிவத்தில் அனுப்பினால் ரெஸ்ட் என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. அந்த ஆய்வேட்டில் ஜேசான் என்ற சொல்லே கிடையாது.

வெட்டிப்பேச்சு எழுதியது:

ஆய்வேடு, ஆர்எஃப்சி... பாவம், ஒரு வெப் சர்வீஸ் எழுத வந்தவரைப் பிஎச்.டி.க்குச் சேர்க்கிறீங்க.

வரவுசெலவு எழுதியது:

மூன்றாம் அத்தியாயத்தில் மறுபடி மாட்டிக்கொண்டேன். விண்டோஸ்தான். சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் கட்டளையில் 'டி' ஆப்ஷன் போட்டு ஜேசானை அனுப்பச் சொல்கிறது புத்தகம். தலைப்பு (ஹெடர்) எதுவும் கொடுக்காமல் அனுப்பினால் 400 வரும், பாருங்கள் என்றும் சொல்கிறது. பழைய ஃபோல்டரில் 400 வந்தது. அக்கா சொன்னபடி புதிய பதிப்பு ஃபோல்டரில் ஓட்டினால் 415 வருகிறது. எது சரி?

இன்னொன்று: புத்தகத்தில் ஜேசானை ஒற்றை மேற்கோளுக்குள் போடுகிறார்கள். அப்படியே தட்டினால் சரியான தலைப்பு கொடுத்தாலும் ஜேசான் தப்பு என்கிறது.

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

இரண்டும் சரி, 415 இன்னும் சரி. கர்லில் 'டி' போட்டால், நீங்கள் வேறு சொல்லாதவரை, இது ஒரு வெப் ஃபார்ம் தரவு என்று கன்டென்ட்-டைப் தலைப்பை அதுவே எழுதி அனுப்பும். உள்ளே இருப்பது ஜேசான், உறையில் எழுதியிருப்பது ஃபார்ம். வெர்க்சாய்க் 2.3-க்கு முன் இதற்குப் பொதுவாக '400, தப்பான ரிக்வெஸ்ட்' என்று சொல்லிவிட்டுப் போகும். 2.3-இலிருந்து '415, இந்த வகைத் தரவை நான் வாங்குவதில்லை' என்று குறிப்பாகச் சொல்கிறது. உங்கள் கிளையன்டை எழுதுபவருக்கு எது உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

கர்ல் 7.82 முதல், அதாவது 2022 மார்ச்சிலிருந்து, ஜேசானுக்கென்றே தனி ஆப்ஷன் இருக்கிறது. அது தலைப்பையும் சேர்த்துப் போட்டுவிடும்.

மேற்கோள் பிரச்சினை விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டின் குணம். அதற்கு ஒற்றை மேற்கோள் வெறும் எழுத்து, உறை இல்லை. பவர்ஷெல் பழைய பதிப்பு என்றால் இன்னொரு குழப்பம்: அங்கே கர்ல் என்று தட்டினால் ஓடுவது கர்லே இல்லை, மைக்ரோசாஃப்டின் வேறொரு கட்டளைக்கு வைத்த செல்லப்பெயர். 'கர்ல் டாட் இஎக்ஸ்இ' என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இந்தச் சண்டையே வேண்டாம் என்றால், ஜேசானை நோட்பேடில் எழுதி யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கர்லுக்கு '@' போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். தமிழ்ப் பெயர்கள் அனுப்பும்போது இது கட்டாயம். கமாண்ட் ப்ராம்ப்டில் நேராகத் தமிழ் தட்டினால் சர்வருக்கு வரிசையாகக் கேள்விக்குறிகள் போய்ச்சேர வாய்ப்பு உண்டு.

பழைய_சோப்காரர் எழுதியது:

தமிழ் என்றதும் ஞாபகம் வருது. தங்கச்சி, அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு பயிற்சி செய்துவிட்டு வாங்க. புத்தகத்தில் இருக்காது.

ஃபிளாஸ்க் இல்லாமல், பைத்தானின் சாக்கெட்டை (நேரடி நெட்வொர்க் இணைப்பு) மட்டும் வைத்து ஒரு குட்டி சர்வர் எழுதுங்கள். முப்பது வரிக்குள் முடியும். இணைப்பை ஏற்றுக்கொள், வந்ததை அச்சிடு, பதிலை நீயே கையால் கட்டி அனுப்பு. முதல் வரி ஸ்டேட்டஸ், அப்புறம் கன்டென்ட்-டைப், கன்டென்ட்-லெங்த், ஒரு காலி வரி, அதன் பிறகு பாடி. முதலில் ஆங்கிலத்தில் ஹலோ என்று அனுப்புங்கள். பிறகு அதே இடத்தில் 'வணக்கம்' என்று மாற்றி பிரவுசரில் பாருங்கள். வந்து சொல்லுங்கள்.

வரவுசெலவு எழுதியது:

ஹலோ அழகாக வந்தது. 'வணக்கம்' போட்டால் 'வண' என்று வந்து, பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அதோடு நின்றுவிட்டது!! கன்டென்ட்-லெங்த்துக்கு பைத்தானின் லென் கொடுத்த 7-ஐத்தான் போட்டேன்.

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

ஐயா வேண்டுமென்றே மாட்டிவிட்டிருக்கிறார். :)

லென் எண்ணியது யூனிகோடு குறிகளை: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. மொத்தம் ஏழு. ஆனால் கன்டென்ட்-லெங்த் கேட்பது பைட்டுகளை. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். எனவே அனுப்பியது 21 பைட், அறிவித்தது 7. பிரவுசர் ஏழோடு நிறுத்திக்கொண்டது. வ-வுக்கு மூன்று, ண-வுக்கு மூன்று, மிச்சம் ஒன்று. அந்த ஒற்றை பைட் 'க'வின் முதல் துண்டு. மீதி இரண்டு துண்டும் இல்லாததால் அது எந்த எழுத்தும் இல்லை, அதனால்தான் வைரத்துக்குள் கேள்விக்குறி. முதலில் என்கோட் செய்துவிட்டு, வரும் பைட்டுகளுக்கு லென் எடுங்கள்.

கன்டென்ட்-டைப்பில் யூடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டும் ஒருமுறை பாருங்கள். தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். பழைய தமிழ் வலைப்பக்கங்களில் பார்த்த அதே கண்ராவிதான். க, ண, ம, வ போன்ற தமிழ் மெய்யெழுத்துக் குறிகளின் முதல் இரண்டு பைட்டும் ஒன்றுதான். அந்த இரண்டையும் பிரவுசர் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படிப்பதால்தான் அந்த வரிசை.

பழைய_சோப்காரர் எழுதியது:

ஹலோவுக்குக் குறியும் ஐந்து, பைட்டும் ஐந்து. அந்த உதாரணத்தோடு புத்தகம் முழுக்க முடித்தாலும் இந்தப் பிழை உங்கள் கண்ணில் படாது. அதனால்தான் சொல்கிறேன், புத்தகத்தின் கோடைத் தட்டுங்கள், ஆனால் புத்தகத்தின் தரவைத் தட்டாதீர்கள். அவர்கள் என்ன உதாரணம் வைத்திருக்கிறார்கள்? செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலா? புத்தகக்கடையா?

வரவுசெலவு எழுதியது:

புத்தகக்கடை!

என் தரவு என்றால்... அம்மா எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். மாதச் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் அதைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. அதை வைத்தே பண்ணட்டுமா? உறுப்பினர், சேமிப்பு, கடன், தவணை என்று நான்கு டேபிள் வரும்.

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

அருமை. அத்தியாயம் அத்தியாயமாகப் புத்தகக்கடை வரும் இடத்தில் எல்லாம் குழுவை வைத்துக்கொண்டே போங்கள். பொருந்தாத இடம் கட்டாயம் வரும், அங்கே புத்தகம் கை கொடுக்காது. அப்போது இங்கே வாருங்கள்.

இப்போதே ஒன்று: பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண் வகை) வைக்காதீர்கள். பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் ஆளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எழுத்தெண்ணி எழுதியது:

சோப்காரர் ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். தமிழ்த் தரவு சில பிழைகளைக் காட்டிக் கொடுக்கும், சிலவற்றை மறைக்கும். உதாரணத்துக்கு, பெயரை டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் நேராக ஒட்டி எழுதினால் 'கோமதி', 'செல்வி' எல்லாம் ஒழுங்காகச் சேமிக்கும். 'ஓ'பிரையன்' என்று ஒருவர் வந்தால்தான் அந்த ஒற்றை மேற்கோளில் வாக்கியம் அறுந்து எரர் வரும். ஆங்கிலப் புத்தகங்கள் இந்தப் பெயரை வேண்டுமென்றே வைப்பது அதற்குத்தான். பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் அதைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, தமிழ் காட்டிக் கொடுப்பதற்கு இன்னொன்று தருகிறேன். 'கோமதி' என்று இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் தட்டுகிறார்கள். ஒன்றில் 'கோ' என்பது க-வும் ஓகாரக் குறி ஒன்றும். இன்னொன்றில் க, பிறகு ஏகாரக் குறி, பிறகு துணைக்கால். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. லென் ஒன்றுக்கு 5, மற்றதற்கு 6. ஒரே பெயர் இருமுறை வரக் கூடாது என்று டேபிளில் 'யூனிக்' போட்டாலும் இரண்டு கோமதியும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேடினால் ஒருவர்தான் கிடைப்பார். பைத்தானின் யூனிகோடுடேட்டாவில் நார்மலைஸ் இருக்கிறது. என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள், தேட வரும் சொல்லையும் மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

இது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. 'கௌசல்யா'வை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'கெளசல்யா' என்று பாதிப் பேர் தட்டுவார்கள். அது நிஜமாகவே வேறு எழுத்து, நார்மலைஸ் தொடாது. அதனால் பெயரை அடையாளமாக வைக்காமல் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐடி கொடுங்கள். யூஆர்எல்லிலும் ஐடிதான் வர வேண்டும். 'கோமதி'யை யூஆர்எல்லில் போட்டால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக 45 எழுத்து நீளும்.

வரிசைப்படுத்தினாலும் பார்க்கணும். எஸ்க்யூலைட் பைட் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் ன-வுக்கு அடுத்துதான் ப. எனவே கனகா முதலில், கபிலா பிறகு. நம் அகர வரிசையில் ன கடைசி மெய், கபிலாதான் முதலில் வர வேண்டும்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

இதையெல்லாம் ஏஐகிட்ட கேட்டா ஒரே நிமிஷத்துல முழு சர்வீஸும் எழுதிக் கொடுக்கும். எதுக்கு இவ்வளவு?

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

கொடுக்கும். நன்றாகவே கொடுக்கும். அவர் இங்கே கேட்டது 'பழக வேண்டும்' என்று. எழுதிக் கொடுத்ததில் டெலீட்டை கெட்டில் வைத்திருந்தால் அது தப்பு என்று தெரிவதற்காவது பழகியிருக்க வேண்டும் இல்லையா?

வரவுசெலவு எழுதியது:

அக்கா, டெலீட்டை கெட்டில் வைத்தால் என்ன? புத்தகத்தில் 'வைக்கக் கூடாது' என்று ஒரே வரி. சும்மா ஒரு லிங்க்கைத் தட்டினால் அழிவது வசதியாகத்தானே இருக்கும்.

பழைய_சோப்காரர் எழுதியது:

2005 மே மாதம் கூகுள் 'வெப் ஆக்சிலரேட்டர்' என்று ஒன்று விட்டது. நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள லிங்க்குகளை முன்கூட்டியே போய் எடுத்து வைக்கும், தட்டினால் உடனே திறக்கட்டும் என்று. அந்தப் பக்கத்தில் 'அழி' என்று ஒரு லிங்க் இருந்தால்? அதையும் போய் எடுத்தது. ஆட்கள் தொடாமலே அவர்களுடைய தரவு அழிந்தது. பெரிய ரகளை ஆனது. கூகுள் மேல் கோபப்பட்டவர்கள் பலர். ஆனால் கெட் என்பது பார்ப்பதற்கு மட்டும், எதையும் மாற்றாது என்பதுதான் ஒப்பந்தம், அதை நம்பித்தான் அந்த மென்பொருள் நடந்துகொண்டது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கை ஒட்டினாலே முன்னோட்டம் காட்ட ஒரு கெட் போகிறது. குழுவின் வாட்ஸ்அப்பில் 'தவணையை அழிக்கும் லிங்க் இதுதான்' என்று அம்மா ஒட்டினார் என்று வையுங்கள்.

வரவுசெலவு எழுதியது:

ஐயோ. மாற்றிவிட்டேன்.

புத்தகம் கை கொடுக்காத இடம் வந்துவிட்டது. போஸ்ட் செய்தால் புதிய தவணை சேர்கிறது, 201 ('உருவாக்கினேன்') வருகிறது. அத்தியாயத்தில் அதோடு முடிகிறது. ஆனால் கூட்டம் நடக்கும் இடத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும். அம்மா 'சேமி' தட்டி, ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடி தட்டினால் இரண்டு தவணை ஏறுகிறது. புத்தகக்கடையில் ஒரே புத்தகம் இருமுறை ஏறினால் பரவாயில்லை. இங்கே 500 ரூபாய் அதிகம் கட்டியதாகக் கணக்கு வந்துவிடும்.

உறுப்பினர், மாதம் இரண்டையும் சேர்த்து யூனிக் போட்டால் போதுமா?

எழுத்தெண்ணி எழுதியது:

போதும். டேட்டாபேஸே தடுத்துவிடும். 409 ('ஏற்கெனவே இருப்பதோடு மோதுகிறது') திருப்பி அனுப்புங்கள்.

வரவுசெலவு எழுதியது:

இல்லை, அதில் ஒரு சிக்கல். சிலர் தவணையைப் பாதி இப்போது, பாதி அடுத்த வாரம் என்று கட்டுவார்கள். ஒரே மாதத்தில் ஒரே ஆளுக்கு 250, 250 என்று இரண்டு வரவு நியாயமாகவே வரும்.

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

இந்தக் கேள்வி வந்துவிட்டதால் இனி நீங்கள் புத்தகத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

சர்வருக்கு இந்த இரண்டு 250-உம் நிஜமான இரண்டா, ஒன்றின் மறுபதிப்பா என்று தெரிய வழியே இல்லை. தெரிந்தவர் அனுப்புகிறவர் மட்டும்தான். எனவே அடையாளத்தை அங்கேயே உருவாக்க வேண்டும். போனில் ஃபார்ம் திறக்கும்போதே ஒரு யூயூஐடி (வேறெதனோடும் ஒத்துப்போகாத நீள அடையாள எண்) உருவாக்குங்கள். 'தவணைகள்' என்ற முகவரிக்கு போஸ்ட் செய்வதற்குப் பதில், 'தவணைகள்' சாய்வுக்கோடு அந்த யூயூஐடி என்ற முகவரிக்கு புட் செய்யுங்கள். முதல் முறை வந்தால் சேர்த்துவிட்டு 201. அதே யூயூஐடி மறுபடி வந்தால் சேர்க்காமல் 200 ('சரி'). எத்தனை முறை தட்டினாலும் ஒரே வரவு. புட் என்பது ஐடம்பொட்டன்ட் என்று புத்தகத்தில் ஓரிடத்தில் வரும், பாருங்கள். பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை, சர்வரில் ஏற்படும் விளைவு ஒன்றாக இருந்தால் போதும்.

கவனம்: யூயூஐடியை ஃபார்ம் திறக்கும்போது உருவாக்குங்கள், 'சேமி' தட்டும்போது அல்ல. தட்டும்போது உருவாக்கினால் இரண்டு தட்டுக்கு இரண்டு யூயூஐடி வரும், பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சேமித்தது உறுதியானதும் ஃபார்மைக் காலி செய்து புதியதை எடுங்கள்.

போஸ்டாகவே வைக்க வேண்டும் என்றால், இதே யூயூஐடியை 'ஐடம்பொட்டன்சி-கீ' என்ற ஹெடரில் அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. ஸ்ட்ரைப் போன்ற பணம் கையாளும் ஏபிஐகளில் பார்க்கலாம்.

இரண்டு ரிக்வெஸ்டும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால்? 'இருக்கிறதா பார், இல்லையென்றால் சேர்' என்று கோடில் மட்டும் எழுதினால், இரண்டும் பார்த்துவிட்டு இரண்டும் சேர்த்துவிடும். டேபிளின் யூயூஐடி நெடுவரிசையில் யூனிக் போடுங்கள். அங்கேதான் யூனிக்குக்கு வேலை.

எழுத்தெண்ணி எழுதியது:

ஆம், இதுதான் சரி. கூடவே எஸ்க்யூலைட் என்றால் ஃபாரின் கீ சோதனையை ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். இயல்பாக அது ஆஃப். இல்லாத உறுப்பினருக்குத் தவணை ஏறும், ஒரு வார்த்தை சொல்லாது.

வரவுசெலவு எழுதியது:

புட் வழி வேலை செய்கிறது. வைஃபையைப் பாதியில் அணைத்து அணைத்துத் தட்டிப் பார்த்தேன், ஒரே வரவுதான். ஃபாரின் கீயும் போட்டாயிற்று, ஆன் செய்துவிட்டு இல்லாத உறுப்பினருக்கு ஒரு சோதனை வரவு அனுப்பினேன், மறுத்துவிட்டது.

கடைசி அத்தியாயம், நிரலை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோக்கு என்ற சேவையில் இலவசமாக ஏற்றுவது பற்றி. அதைச் செய்யட்டுமா?

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

அந்த அத்தியாயத்தை மட்டும் தாண்டுங்கள். ஹெரோக்குவின் இலவசத் திட்டம் 2022 நவம்பரோடு முடிந்துவிட்டது. எந்தப் புத்தகத்திலும் முதலில் செல்லாமல் போவது இந்த அத்தியாயம்தான்.

அடுத்தவர் பணக் கணக்கு என்பதால் இப்போதைக்கு இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. இன்னும் லாகின் எழுதவில்லை. வீட்டு வைஃபைக்குள் அம்மாவின் போனில் திறந்தால் போதும் அல்லவா?

வரவுசெலவு எழுதியது:

போதும். ஆனால் போனிலிருந்து திறக்கவில்லை அக்கா. லேப்டாப்பில் மட்டும் திறக்கிறது.

மேகலா_பேக்எண்ட் எழுதியது:

ஃபிளாஸ்க் இயல்பாக 127.0.0.1-இல் மட்டும் கேட்கும், அதாவது அதே கணினிக்கு மட்டும். ஹோஸ்டை 0.0.0.0 என்று கொடுத்தால் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள எல்லாச் சாதனமும் எட்டலாம். அதற்கு முன் டீபக்கை (பிழை தேட உதவும் வசதி) ஆஃப் செய்யுங்கள். டீபக் ஆனில் இருந்தால் எரர் பக்கத்திலேயே பைத்தான் கோடு ஓட்டும் கன்சோல் திறக்கும். பின் நம்பர் கேட்கும் என்றாலும் அதை நம்பி வெளியே காட்டுவது வேண்டாம்.

'இது டெவலப்மென்ட் சர்வர்' என்று டெர்மினலில் வரும் எச்சரிக்கையையும் மதியுங்கள். அதற்குப் பதில் குனிகார்ன் என்ற சர்வரைப் போடச் சொல்லியிருக்கும் புத்தகம், அது விண்டோஸில் ஓடாது. வெய்ட்ரெஸ் போடுங்கள், ஓடும். விண்டோஸ் ஃபயர்வால் கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் டிக் போடுங்கள்.

வரவுசெலவு எழுதியது:

திறந்துவிட்டது! அம்மா முதல் வேலையாக எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார்.

லாகின் அத்தியாயம் இன்று தொடங்குகிறேன். பாஸ்வேர்டை அப்படியே டேபிளில் வைக்கும் உதாரணம் ஒன்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது, 'பிறகு சரிசெய்வோம்' என்ற குறிப்போடு. அதைத் தட்டாமல் நேராக ஹேஷ் (பாஸ்வேர்டைத் திரும்ப மீட்க முடியாதபடி மாற்றுவது) வரும் பக்கத்துக்குப் போகலாமா?

பழைய_சோப்காரர் எழுதியது:

தட்டுங்கள். டேபிளைத் திறந்து உங்கள் பாஸ்வேர்டு பளிச்சென்று உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். பிறகு ஹேஷ் பக்கத்துக்குப் போங்கள். அம்மாவின் நிஜ பாஸ்வேர்டைச் சோதனைக்குப் போட வேண்டாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

லாகின் பற்றிய கேள்விகளுக்குப் புதிய இழை திறக்கவும். தலைப்பில் ஃபிளாஸ்க் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டால் பிறகு தேடி வருபவர்களுக்கு எளிது.